எதிராளி இல்லாத நாளின் விலை

பொள்ளாச்சி வண்டியோ பாலக்காட்டு வண்டியோ உக்கடம் பேருந்து நிலையத்துக்குள் வந்து நின்றதும், பையும் மூட்டையுமாக இறங்குகிறவருக்கு இரண்டு விலைகள் காத்திருக்கின்றன. ஸ்டாண்டு ஆட்டோக்காரர் வாயால் சொல்வது ஒன்று. கைப்பேசித் திரை காட்டுவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைக் கோவை பல வருடங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறது. பேச்செல்லாம் எது மலிவு, எது வசதி என்பதோடு நின்றுவிடுகிறது. அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. அறத்தின் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. சவாரிக்கு ஆகும் செலவைவிடக் குறைத்து வாங்கிக்கொண்டு ஒரு நிறுவனம் நம்மை வீடு சேர்க்கிறதென்றால், மீதியை யாரோ கட்டுகிறார்கள். யார் கட்டுகிறார்கள், எதற்காகக் கட்டுகிறார்கள், கட்டியதைப் பின்னால் யாரிடம் வசூலிக்கப்போகிறார்கள்?

பெரிய நிறுவனத்தை எதிர்த்துச் சின்ன நிறுவனம் நிற்கிறது என்றால் நம் மனசு யோசிக்காமல் சின்னவர் பக்கம் போய்விடும். கொங்கு நாட்டில் இது இன்னும் அதிகம். ஒரு லேத்து, ஒரு தறி, ஒரு பஸ் என்று தொடங்கி மேலே வந்தவர்களின் ஊர் இது. ஆனால் வாடகை வண்டிப் போட்டியில் யார் பெரியவர், யார் சின்னவர் என்று சொல்வதே கடினம். ஓலா பிறந்தது 2010-ல். ஊபர் இந்தியாவுக்கு வந்தது 2013-ல். வயதைப் பார்த்தால் இவைதான் புதியவை. உக்கடத்து ஆட்டோ ஸ்டாண்டுதான் சங்கமும் பெயர்ப்பலகையுமாக வேரூன்றிய பழைய நிறுவனம். பணப்பையைப் பார்த்தால் கணக்கு தலைகீழாகிறது. ஸ்டாண்டில் நிற்பவருக்குப் பின்னால் ஒரு ஃபைனான்ஸ் கடன் இருக்கிறது. செயலிக்குப் பின்னால் பல நாட்டு முதலீட்டாளர்களின் கோடிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையில் கோவையிலேயே முளைத்த ரெட் டாக்ஸி போன்ற கால் டாக்ஸி நிறுவனங்கள்; ஆட்டோவுக்கு அவை பெரியவை, செயலிகளுக்குச் சின்னவை. அளவை வைத்து இங்கே நியாயத்தை நிறுத்துப் பார்க்க வழியில்லை.

ஸ்டாண்டின் மேல் உள்ள குற்றச்சாட்டை முதலில் நேராகப் பார்த்துவிட வேண்டும். இரவு பத்து மணிக்கு மழையில் குழந்தையோடு இறங்கும் பெண்ணின் நிலைமையைப் பார்த்து விலை சொல்வது சிறுமை. கோவையில் மீட்டர் போட்டு ஓடிய ஆட்டோவைப் பார்த்தவர்கள் குறைவு. ஓட்டுநர்கள் பக்கமும் காரணம் உண்டு. சென்னைக்கு 2013-ல் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போக, அந்தக் கட்டணம் பல ஆண்டுகள் திருத்தப்படாமலே கிடந்தது. நியாயமான குறைதான். ஆனால் அதை அரசிடம்தான் கேட்க வேண்டும். அவசரத்தில் நிற்கும் பயணியிடம் ஈடுகட்டிக்கொள்ளக் கூடாது. ஏறுவதற்கு முன்பே தொகை தெரிவது, வண்டி எண்ணும் ஓட்டுநர் பெயரும் தெரிவது, வண்டி போகும் வழியை வீட்டில் இருப்பவர் பார்த்துக்கொண்டிருக்க முடிவது எல்லாம் செயலிகள் கொண்டுவந்த உண்மையான நன்மைகள். பழையவரைத் தோற்கடிக்கப் புதியவருக்கு இவை போதுமானவை, முழுக்க நேர்மையானவையும்கூட. அவர்கள் இதோடு நிற்கவில்லை.

2014-க்குப் பிந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில் இந்திய நகரங்களில் நடந்தது வேறு வகைச் சண்டை. பயணிக்குத் தள்ளுபடி, ஓட்டுநருக்கு ஊக்கத்தொகை என்று இரண்டு பக்கமும் பணம் கொட்டப்பட்டது. இந்தச் செலவைத் தாங்க முடியாதவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். பெங்களூரில் 2011-ல் தொடங்கிய டாக்ஸி ஃபார் ஷ்யூர் நிறுவனத்தை ஓலா 2015 மார்ச்சில் 20 கோடி டாலருக்கு வாங்கி, அடுத்த ஆண்டே மூடிவிட்டது. மெரு என்ற வாடகைக் கார் நிறுவனம் நீதி கேட்டுப் போனது. டெல்லி வட்டாரத்தில் ஊபர் சவாரிக்கு 204 ரூபாய் நட்டத்தில் ஓட்டுகிறது என்பது அதன் புகார். 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் புகாரை விசாரிக்கத்தான் வேண்டும் என்றது. ஒவ்வொரு சவாரியிலும் இவ்வளவு நட்டப்படுவதற்கு, எதிராளியை ஒழிப்பதைத் தவிர வேறு பொருளாதாரக் காரணம் தெரியவில்லை என்பது நீதிபதிகள் கருத்தின் சாரம். விசாரணை நடந்தது. 2021-ல் போட்டி ஆணையம் வழக்கை முடித்துவைத்தது. ஓலா எதிரில் இருக்கும்போது ஊபரை ஆதிக்க நிறுவனம் என்று சொல்ல முடியாது என்பது அதற்குக் காரணம்.

இந்தச் சண்டையில் முதலில் விழுந்தவர் ஓட்டுநர். ஊக்கத்தொகையை நம்பி, சொந்தமாகக் கார் வாங்கினால் மாதம் இவ்வளவு வரும் என்ற பேச்சை நம்பி, தவணைக்கு வண்டி எடுத்தவர்கள் ஏராளம். நாட்கள் போகப் போக ஊக்கத்தொகை சுருங்கியது, கமிஷன் நிலைத்தது. 2017 பிப்ரவரியில் டெல்லியிலும் பெங்களூரிலும் ஓலா, ஊபர் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியது இதற்காகத்தான். வருமானம் குறைந்தாலும் டியூ தேதி தள்ளிப்போவதில்லை. நிறுவனம் தன் நட்டத்தை முதலீட்டாளரின் பணத்தில் தாங்கியது. ஓட்டுநர் தன் நட்டத்தை மனைவியின் நகையில் தாங்கினார். இரண்டையும் ‘தொழிலில் ரிஸ்க்’ என்று ஒரே பெயரில் சொல்வது பொய். முதலீட்டாளர் தெரிந்தே, தோற்றாலும் வாழ்க்கை குலையாத அளவுக்குப் பணம் போட்டவர். ஓட்டுநருக்கோ அந்த ஊக்கத்தொகை எதிராளியை வீழ்த்தும் வரைக்கும்தான் என்று யாரும் சொல்லவில்லை.

தமிழர்களுக்கு இது புதிய அனுபவமில்லை. கோவை மத்தியச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சிதம்பரனாரை அந்தச் சிறைவரைக்கும் கொண்டுசேர்த்த பாதை ஒரு கட்டணப் போரில்தான் தொடங்குகிறது. 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்குகள், 10 லட்சம் ரூபாய் முதல். அடுத்த ஆண்டு காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அதுவரை கொடிகட்டிப் பறந்த பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய்க்கு இறங்கியது. வெள்ளைக்காரக் கம்பெனி அடுத்ததாக இலவசமாகவே ஏற்றிச்செல்லவும், ஏறியவர் கையில் ஒரு குடையைக் கொடுக்கவும் முன்வந்தது.

அந்தக் குடையைப் பற்றிக் கேட்டால் இன்றும் கோபம் வருகிறது, வர வேண்டும். தூத்துக்குடிப் பயணிமேல் அந்தக் கம்பெனிக்குத் திடீரென்று அன்பு பொங்கவில்லை. பெரிய கம்பெனியின் கப்பல்கள் எத்தனையோ துறைமுகங்களுக்கு ஓடின. ஒரு வழித்தடத்தில் இழந்ததை இன்னொன்றில் எடுக்கலாம். சுதேசிக் கம்பெனிக்கு இருந்தது இந்த ஒரு கடல் மட்டும். போட்டி நடந்தது எந்தக் கப்பல் நன்றாக ஓடுகிறது என்பதிலல்ல, யாரால் அதிக நாள் பட்டினி கிடக்க முடியும் என்பதில். அரசாங்கமும் பெரியவர் பக்கம் இருந்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், ஜூலையில் தண்டனை வந்தது, அந்த மாதமே கோவைச் சிறைக்குள் வந்தார். பங்குதாரர்கள் தளர்ந்துபோனார்கள். 1911-ல் கம்பெனி கலைந்தபோது காலியா கப்பல் எதிரிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. இன்னும் சிறையில் இருந்த அவரை, செக்கைவிட இந்தச் செய்திதான் அதிகம் நோகடித்திருக்க வேண்டும்.

குடையை வாங்கிக்கொண்டு கப்பலேறிய பயணி குற்றவாளியா? சுதேசி மேடைகள் அன்று அப்படித்தான் பேசியிருக்கும். இன்றும், செயலியில் வண்டி பிடிக்கிறவரை ஊர்த்துரோகி என்கிற தொனியில் பேசுகிறவர்கள் உண்டு. இதை ஏற்க முடியாது. பிழைப்புத் தேடிக் கொழும்புக்குப் போன கூலித் தொழிலாளிக்கு அரை ரூபாய் என்பது சாப்பாடு. அவர் பட்டினியோடு சுதேசிக் கப்பலில் ஏறியிருந்தால் அது தியாகம். ஏறாததற்காக அவரைப் பழிப்பது கொடுமை. இல்லாதவரின் சேமிப்பின்மேல் கட்டப்படும் அறம் யாருக்கும் உதவாது. அதே சமயம், பங்கு வாங்க வசதி இருந்தும், வ.உ.சி. சிறைக்குப் போனதும் கைகழுவிய வியாபாரிக்கு இந்த மன்னிப்பைக் கொடுக்க முடியாது. கடமை கையிருப்புக்கு ஏற்றபடிதான் வரும். உக்கடத்தில் நள்ளிரவில் இறங்கும் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர் எது மலிவோ அதில் ஏறட்டும். மாதச் சம்பளம் ஆறு இலக்கத்தில் வாங்கிக்கொண்டு, ஐம்பது ரூபாய் தள்ளுபடிக்காக மூன்று செயலிகளை மாற்றி மாற்றிப் பார்க்கிறவர், அந்த ஐம்பது யார் வயிற்றிலிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் யோசிக்கக் கடமைப்பட்டவர்.

விலை குறைப்பதையே பாவம் என்று சொல்லிவிடக் கூடாது. கடை திறந்த வாரம் தள்ளுபடி தருகிறார்கள். புதுப் பத்திரிகை முதல் இதழைச் சும்மா கொடுக்கிறது. 1983-ல் கடலூரில் 15,000 ரூபாய் முதலோடு சிக் ஷாம்பூ தொடங்கியவர், பன்னாட்டு நிறுவனங்கள் பாட்டிலில் விற்றுக்கொண்டிருந்த பொருளைச் சின்னப் பாக்கெட்டில் சில்லறைக் காசுக்கு விற்றுத்தான் கிராமத்துக்குள் நுழைந்தார். பின்னாளில் அது ஐம்பது பைசாவுக்கும் வந்தது. அங்கே விலை குறைந்ததற்குக் காரணம், பொருளைக் கொடுக்கும் முறையே மாறியது. எதிராளி நாளைக்கும் கடையில் இருந்தாலும் அந்த ஐம்பது பைசாவில் தொழில் ஓடும். உரைத்துப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். எதிராளி என்றைக்கும் இருப்பார் என்று வைத்துக்கொண்டாலும் இந்த விலை கட்டுப்படியாகுமா? ஆகும் என்றால், அது எவ்வளவு குறைவாக இருந்தாலும் திறமை. எதிராளி ஒழிந்த பிறகுதான் கணக்கு நேராகும் என்றால், அந்த விலைக்குள் இன்னொருவரின் அழிவு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. வாங்குகிறவர் கையில் கொடுக்கப்படும் அந்தத் தள்ளுபடி, அவர்மேலேயே ஏற்றப்படும் கடன்.

கடன் வசூலாவதைச் சிங்கப்பூர்த் தமிழர்கள் நேரில் பார்த்தார்கள். 2018 மார்ச்சில் ஊபர் தன் தென்கிழக்காசியத் தொழிலை கிராப் நிறுவனத்திடம் விற்றுவிட்டு வெளியேறியது. அதன்பிறகு தள்ளுபடி கழித்துப் பயணிகள் உண்மையில் கொடுக்கும் கட்டணம் 10 முதல் 15 சதவீதம் ஏறியது என்று சிங்கப்பூரின் போட்டி ஆணையம் கண்டறிந்து, அதே ஆண்டு செப்டம்பரில் இரண்டு நிறுவனங்களுக்கும் சேர்த்து 1.3 கோடி சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விதித்தது. வருடக்கணக்கில் அடித்துக்கொண்ட இருவர் ஒரே நாளில் கைகுலுக்கிக்கொண்டார்கள். அவர்கள் சண்டையில் நொடிந்த வாடகை வண்டிக்காரருக்கு அந்த அபராதத்திலிருந்து ஒரு காசும் திரும்பவில்லை.

இந்தியச் சட்டம் இந்த வினையை அறியாமல் இல்லை. 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம், எதிராளியை ஒழிக்கும் நோக்கில் அடக்கவிலைக்குக் கீழே விற்பதைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. ஆனால் அந்தத் தடை, சந்தையில் ஏற்கெனவே ஆதிக்கம் செலுத்துகிறவருக்கு மட்டும். ஆதிக்கத்தைப் பிடிக்கப் பணத்தைக் கொட்டிக்கொண்டிருப்பவர் அந்த வரம்புக்குள் வரமாட்டார். பெங்களூரில் ஓலாமீது ஃபாஸ்ட் ட்ராக் கால் கேப் கொண்டுபோன வழக்கு 2017-ல் தள்ளுபடியானதும் இந்த இடறலில்தான். இரண்டு யானைகள் மோதும்போது எதையும் தனி ஆதிக்கம் என்று சொல்ல முடியாது. ஆனால் மிதிபடும் புல்லுக்கு அந்த வேறுபாட்டால் ஒரு பயனும் இல்லை. சட்டத்தை எழுதியவர்களின் மனசில் பழைய காலத்துப் பெரிய ஆலைமுதலாளி இருந்திருக்க வேண்டும். பிறந்த அன்றே பெரியவராக இருக்கும் புதியவரை அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

சட்டத்தைக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இந்த ஊர்ச் சாலை வரலாற்றுக்கு ஒத்துவராது. 1920-களிலும் 30-களிலும் பஸ்கள் ரயிலின் பயணிகளை இழுத்துக்கொண்டன. அன்று பெரியவர் ரயில்; புதியவர் ஒற்றை பஸ் முதலாளி. ரயிலின் நட்டத்தை ஆராய மிட்செல், கிர்க்னஸ் என்ற இரு அதிகாரிகள் அமர்த்தப்பட்டார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் பெர்மிட் முறையும் வந்தன. பெர்மிட்டால் சாலையில் ஒழுங்கு வந்தது உண்மை. பெர்மிட் வைத்திருந்தவரைச் சுற்றி ஒரு வேலியும் எழுந்தது; அடுத்த புதியவர் உள்ளே வர முடியாமல் போனதும் உண்மை. பயணியின் பெயரைச் சொல்லி எழுதப்படும் சட்டம், ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் அரணாக மாறிவிடும் ஆபத்தை மறந்துவிட்டுச் செயலிகளுக்குத் தடை கேட்பது நியாயமாகாது.

பெரியவர் எப்படி நடந்துகொள்ளலாம் என்பதற்கும் இதே சாலையில் ஒரு சான்று இருக்கிறது. உக்கடத்திலிருந்து பழனிக்குப் போகும் வண்டி பொள்ளாச்சியைத் தாண்டி ஓடும் தடத்தில்தான், 1920-ல் ஜி.டி.நாயுடு தன் முதல் பஸ்ஸை ஓட்டினார். படிப்பைப் பாதியில் விட்டவர், ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்தவர். அந்த பஸ்ஸை வாங்க அவருக்குக் கைகொடுத்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். 1861-லிருந்து வணிகம் நடத்தியவர், கோவைக்கு முதல் பஞ்சாலையைக் கொண்டுவந்தவர், அன்றைய கோவையின் பெரிய ஐரோப்பிய முதலாளி. ஒரு கப்பல் கம்பெனி புதியவரை மூழ்கடிக்க இலவசக் குடை கொடுத்துப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதே ஆட்சி, அதே இனத்து முதலாளி, ஆனால் புதியவர் எழுந்து நிற்பதற்காகப் பணம் வந்தது. காலம் அப்படி, ஆட்சி அப்படி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள பெரியவருக்கு வழியில்லை என்பதற்கு ஸ்டேன்ஸ் சாட்சி. நாயுடுவின் யு.எம்.எஸ். பஸ் நிறுவனம் பெரிதானது சேவையின் தரத்தால். அதனிடம் தோற்ற பஸ்காரர்களுக்கும் வருத்தம் இருந்திருக்கும். ஆனால் அநீதி இழைக்கப்பட்டது என்று அவர்கள் சொல்ல முடியாது.

சிறியவராக இருப்பதே ஒரு நற்சான்றிதழும் ஆகாது. பொள்ளாச்சி சாலையில் முன்னால் போகும் வண்டியின் டைமைப் பிடிக்க ஹாரன் அலறப் பறக்கும் தனியார் பஸ்ஸை ஓட்டுபவர் பெரிய முதலாளி இல்லை. வசூலைப் பொறுத்துப் பேட்டா என்று பேசி அனுப்பிய முதலாளிக்கும் நாலைந்து வண்டிதான் இருக்கும். சின்னவருக்கும் சின்னவருக்கும் நடக்கும் இந்தப் போட்டியில் பணயம் வைக்கப்படுவது படியில் நிற்கும் கல்லூரிப் பையனின் உயிர், எதிரே சைக்கிளில் வருகிறவரின் உயிர். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. சவாரிக்கு 204 ரூபாய் நட்டப்பட்டு எதிராளியை வீழ்த்துகிறவரும், அடுத்தவர் உயிரைப் பணயம் வைத்து இரண்டு நிமிடம் முந்துகிறவரும் அளவில் வேறு, தவறில் ஒன்று. தன் கையில் இல்லாததைச் செலவழித்து ஜெயிக்கிறார்கள்.

இப்போது காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. 2022-ல் பெங்களூரில் வந்த நம்ம யாத்ரி செயலி ஓட்டுநரிடம் கமிஷன் வாங்காத முறையைக் காட்டியது. பெரிய செயலிகளும் ஆட்டோவுக்கு நாள் சந்தா முறையை நோக்கி நகர்ந்திருக்கின்றன. 2020-லும் 2025-லும் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நெரிசல் நேரக் கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்ததோடு, அடிப்படைக் கட்டணத்தில் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது என்று தரையையும் வைத்தன. பலரும் உச்சவரம்பைப் பற்றியே பேசினார்கள். எளியவருக்கு அதிகம் பயன்படுவது அந்தத் தரை. மேலே போகும் கட்டணம் உடனே கண்ணில் படும், பயணி சத்தம் போடுவார். கீழே போகும் கட்டணத்துக்கு எதிராக யாரும் சத்தம் போடமாட்டார்கள், அதனால்தான் அதற்குக் காவல் வேண்டும். ஆனால் இந்தத் தரைக்குப் பொருள் வர வேண்டுமானால் அடிப்படைக் கட்டணம் என்று ஒன்று உண்மையோடு ஒட்டியிருக்க வேண்டும். அதை நிர்ணயிப்பது மாநில அரசு. பல வருடங்கள் தூங்கும் கட்டணத்தில் பாதி என்பது ஓட்டுநருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. எரிபொருள் விலையோடு சேர்ந்து தானாக ஏறி இறங்கும் கட்டணம் வந்தால், மீட்டர் போடாததற்கு ஸ்டாண்டில் சொல்லும் காரணமும் அன்றோடு போய்விடும். அப்போது செயலிக்காரரைக் கேட்கும் அதே கேள்வியை, மழையில் குழந்தையோடு நிற்கும் பெண்ணிடம் இரட்டிப்பு விலை சொல்லும் ஆட்டோக்காரரிடமும் சங்கம் கேட்டாக வேண்டும்.